மூடப்பட வேண்டிய கண்

கத்தி வைக்காமல் மாறுகண்ணைச் சரிசெய்ய முடியும் என்று சொன்னால் கம்பம் பள்ளத்தாக்கில் நம்புகிறவர்கள் குறைவு. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அதைவிடக் குறைவு. பெண் குழந்தையின் ஒரு கண் சற்றே உள்நோக்கித் திரும்பியிருந்தால் அது வீட்டுக்கு யோகம் என்பது இங்கே பட்டதாரிகளும் பகிர்ந்துகொள்ளும் கருத்து. என் பேத்தி கௌசல்யாவின் இடக்கண் நான்காம் வயதில் மூக்கை நோக்கித் திரும்பத் தொடங்கியது. அதே மாதம் அவளுடைய தகப்பன் முருகேசன், காமயகவுண்டன்பட்டியில் உள்ள தன் திராட்சைத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் கண்டார். இரண்டையும் முடிச்சுப் போட அந்த வீட்டுக்கு ஒரு பகல்கூடத் தேவைப்படவில்லை. அதன்பின் வியாபாரிகள் விலை பேச வரும் நாட்களில் குழந்தையைக் குளிப்பாட்டித் தோட்டத்து வாசலில் நிறுத்திவைப்பது வழக்கமாயிற்று.

"பிள்ளை மொகத்தப் பாத்துட்டு உள்ள வாங்கண்ணே" என்று என் மருமகன் ஒரு வியாபாரியிடம் சொல்வதை நானே கேட்டேன். அந்த வியாபாரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

நான் முப்பத்தோராண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன். ஓய்வுக்குப் பின் பெரியகுளத்தில் தனியாக இருக்கிறேன். என் ஒரே மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பதினெட்டு நாட்கள் பச்சிலை அரைத்துக் கொடுத்துவிட்டுப் பத்தொன்பதாம் நாள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீட்டாரின் அறிவைப் பற்றி நான் கொண்டிருந்த மதிப்பீட்டுக்கு அதுவே அடிப்படை என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

அவள் இறந்து பதினான்கு மாதங்கள் கழித்து, பேத்திக்கு ஆறரை வயது நடந்துகொண்டிருந்தபோது, முருகேசனிடம் பேசச் சென்றேன்.

"மாமா, அது அதிர்ஷ்டக் கண்ணு. அத நேராக்கணும்ங்கிறீக" என்றார் அவர்.

"நேராக்கினால் கிணறு வற்றிவிடுமா, மாப்பிள்ளை?"

"வத்தாதுன்னு எழுதித் தருவீகளா?"

எழுதித் தந்திருப்பேன். முருகேசனின் அக்கா பாண்டியம்மாள் அப்போது காப்பி கொண்டுவந்தாள். கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். என் மகள் போனபின் கௌசல்யாவை வளர்ப்பவள். எழுத்துக்கூட்டி வாசிப்பாள். "தம்பி, மாமா படிச்சவக. அவுக சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்றாள். முருகேசன் காப்பியை வாங்கிக்கொண்டார். "சரி, உங்க பேச்சுக்காக விடுறேன் மாமா. ஆனா கத்தி மட்டும் வைக்கக் கூடாது" என்றார். அறியாமை சம்மதம் தெரிவிக்கும்போதும் அதற்கு ஒரு தோரணை உண்டு என்று அன்று நினைத்தேன்.

மருத்துவமனை தேனியில் இருந்தது. அவர்கள் கம்பம் வழியாகவும் நான் பெரியகுளத்திலிருந்தும் வந்து பேருந்து நிலையத்தில் சந்திப்போம். கண்ணை அளக்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களும் குழந்தையின் கண்களில் ஒரு களிம்பு இடச் சொல்லியிருந்தார்கள். அது கருமணியை விரித்து, கண்ணின் குவியும் தசைகளைத் தற்காலிகமாக ஓய்வில் வைக்கும். அப்போதுதான் கண்ணின் உண்மையான பார்வைக் குறை எவ்வளவு என்று அளக்க முடியும். இல்லையெனில் குழந்தையின் கண் தன் குறையைத் தானே ஈடுகட்டி மறைத்துவிடும்.

காத்திருக்கும் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொட்டு மருந்து விடப்பட்ட நாற்பது ஐம்பது பேர் கண்களை மூடியபடி சுவரோரம் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். மனிதர்கள் கண்ணை மூடினால் வாயைத் திறந்துவிடுகிறார்கள் என்பதை அங்கே கண்டறிந்தேன். அனுமந்தன்பட்டியிலிருந்து வந்திருந்த ஒருவர், புரைக்கண்காரர், ஒரு கண்ணை மட்டும் திறந்து கௌசல்யாவைப் பார்த்தார்.

"இந்தக் கண்ணுக்கா வைத்தியம் பாக்க வந்தீக? இதுக்கு மாப்பிள்ளை வாசல்ல வந்து நிப்பான்ல."

"எதுக்கு, கண்ணாடி வாங்கிக் குடுக்கவா?" என்றாள் பாண்டியம்மாள். வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவள்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

பதிவு செய்யும் பெண் தாயின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். "அம்மா வரலையா சார்?" என்றாள். "இல்லை" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

மருத்துவர் அறைக்கு அழைத்தபோது பாண்டியம்மாளும் எழுந்தாள். "நீ இங்கேயே இரு, தூக்குவாளியைப் பார்த்துக்கொள்" என்றேன். அவள் மறுபடி உட்கார்ந்தாள். உள்ளே நடந்தவற்றை அவளுக்குப் புரியும் அளவில் பிறகு சொன்னால் போதும் என்பது என் முடிவு.

உள்ளே சொல்லப்பட்டது இது. கௌசல்யாவுக்குத் தூரப்பார்வை அதிகம். தெளிவாகப் பார்க்க அவள் கண் தசைகளை மிகையாகக் குவிக்கிறாள்; அந்த மிகைக் குவிப்பில் இடக்கண் உள்ளே இழுக்கப்படுகிறது. தக்க கண்ணாடி அணிந்தால் குவிக்க வேண்டிய தேவை குறையும், கண் பெரும்பாலும் நேராகும். அறுவை தேவையில்லை. ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. இரண்டு கண்கள் இரண்டு திசையில் பார்த்தால் மூளைக்கு இரண்டு காட்சி வரும். குழந்தையின் மூளை அந்தக் குழப்பத்தைப் பொறுக்காமல் திரும்பிய கண் அனுப்புவதை ஏற்க மறுத்துவிடும். நாளடைவில் அந்தக் கண் பார்க்கவே கற்றுக்கொள்ளாது. சோம்பேறிக் கண் என்று அதற்குப் பெயர். எட்டு ஒன்பது வயதுக்குள் அதை வேலைவாங்காவிட்டால் பிறகு எந்தக் கண்ணாடியும் உதவாது. அதற்கு வழி, நன்றாகப் பார்க்கும் வலக்கண்ணை நாளுக்கு ஆறு மணி நேரம் ஒட்டுத்துணியால் மூடிவைப்பது.

"நல்லா இருக்கற கண்ணை மூடணும் சார். வீட்டுல இருக்கறவங்களுக்கு அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுங்க" என்றார் மருத்துவர். இளம்பெண், வேகமாகப் பேசுபவர். அவர் என்னிடம் அதைத் திருப்பிச் சொன்னதே எனக்கு உவப்பாக இல்லை.

அதன்பின் ஆறு நாட்கள் தொடர்ந்து பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். இரட்டைக் குழல் கொண்ட ஒரு கருவி. ஒரு குழல் வழியே வலக்கண் கூண்டைப் பார்க்கும். மற்றொன்றின் வழியே இடக்கண் சிங்கத்தைப் பார்க்கும். கைப்பிடியை நகர்த்திச் சிங்கத்தைக் கூண்டுக்குள் கொண்டுவர வேண்டும். இரு கண்களும் ஒன்றாக உழைத்தால்தான் அது கூடும். பயிற்சி கொடுத்த பெண் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவள், தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள்.

"மோளே, சிங்கம் எவிடே?"

"சிங்கம் இல்லக்கா. வெறுங்கூண்டுதேன் இருக்கு" என்றாள் கௌசல்யா. "ஓடிப்போச்சு போல. யாரும் கதவச் சாத்தல."

ஆறு நாளும் சிங்கம் வரவில்லை. இடக்கண் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மூளை அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் அவள் எனக்காக, "வந்துருச்சு தாத்தா" என்று பொய் சொன்னாள். பொய்யென்று தெரிந்ததும் அந்தப் பெண் கருவியை அணைத்தாள். ஒட்டுத்துணி சில மாதம் வேலை செய்தபின் பயிற்சியைத் தொடரலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

கண்ணாடி தயாராகி வந்த அன்று, மருத்துவமனைப் படிக்கட்டில் அமர்ந்து, என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஒரு முகம் வரைந்தேன். மூட வேண்டிய கண்ணைப் பேனாவால் நிரப்பிக் கறுப்பாக்கினேன். முப்பத்தோராண்டுகள் கரும்பலகையில் தவளையையும் முயலையும் வரைந்த கை அது. எங்கள் துறையில் உயிரியை நம்மை நோக்கியிருப்பதாகக் கொண்டு வரைவோம். அதன் வலப்பக்கம் தாளின் இடப்பக்கத்தில் வரும். அதன்படி, கௌசல்யாவின் வலக்கண் தாளின் இடப்பக்கத்தில் கறுப்பாக இருந்தது. கீழே எதுவும் எழுதவில்லை. எழுத்துக்கூட்டி வாசிப்பவளுக்குப் படம் போதும் என்று கருதினேன்.

"இதைப் பார்த்து ஒட்டு" என்று பாண்டியம்மாளிடம் கொடுத்தேன்.

"எந்தக் கண்ணு மாமா, வாயாலயும் ஒருக்காச் சொல்லிருங்களேன்."

"படத்தில் இருக்கிறதே."

அவள் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த மூன்று மாதங்களில் அவள் இரண்டு முறை எனக்குத் தொலைபேசியில் பேசினாள். முதல் முறை, ஒட்டும் இடத்தில் தோல் சிவந்திருப்பதாகச் சொன்னாள். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். இரண்டாம் முறை சற்றுத் தயங்கினாள்.

"மாமா, படத்துல இருக்க மாதிரியேதான மூடணும்? எனக்கென்னமோ..."

"படத்தில் உள்ளபடியே. உன் யோசனையை அதில் சேர்க்காதே. குழந்தை அழுகிறாளா?"

"அழுகவே இல்ல மாமா. ஓடியாடி நல்லாத்தேன் விளையாடுறா. பள்ளிக்கூடத்துல சோடாபுட்டிங்குறாகளாம், அதுக்குத்தேன் மொகம் சுண்டிப் போறா."

"அழமாட்டாள்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். மற்றக் குழந்தைகள் முதல் வாரங்களில் தடுமாறி விழும், ஒட்டைப் பிய்த்து எறியும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். என் பேத்தி அப்படிச் செய்யவில்லை. அதை எங்கள் குடும்பத்தின் ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். உயிரியல் படித்த ஒருவன், நன்றாகப் பார்க்கும் ஒரே கண்ணும் மூடப்பட்ட குழந்தை எப்படி ஓடியாடும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மூன்றாம் மாத முடிவில் முருகேசனும் வந்திருந்தார். வலக்கண்ணை மறைத்துவிட்டு எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னபோது, முன்பு மூன்றாம் வரி வரை வந்த இடக்கண் முதல் எழுத்திலேயே நின்றது. மருத்துவர் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். குழந்தையைத் திருப்பி மறுபடி பார்த்தார்.

"ஒட்டறது யாரு?"

இம்முறை அறைக்குள் வர பாண்டியம்மாளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. "நாந்தேம்மா" என்றாள்.

"எப்படி ஒட்டுவீங்க, செஞ்சு காட்டுங்க."

பாண்டியம்மாள் தரையில் அமர்ந்து கௌசல்யாவைத் தன் முழங்கால்களுக்கு இடையே, தனக்கு முதுகு காட்டி உட்காரவைத்துக்கொண்டாள். காலையில் தலை பின்னும்போதே ஒட்டும் வேலையையும் முடிப்பது அவள் வழக்கம். குழந்தையின் தோளுக்கு மேலாக இரு கைகளையும் நீட்டினாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தாளைக் குழந்தையின் முகத்துக்கு முன் பிடித்திருப்பதுபோல் ஒரு கணம் நிதானித்தாள். பிறகு ஒட்டுத்துணியைக் கொண்டுபோய்க் கௌசல்யாவின் இடக்கண்ணில் வைத்தாள்.

பின்னால் அமர்ந்து முன்னால் பார்ப்பவளுக்குத் தாளின் இடப்பக்கம் குழந்தையின் இடப்பக்கமே. நான் வரைந்ததை அவள் பிசகாமல் செய்திருந்தாள். பார்க்கக் கற்க வேண்டிய கண் மூன்று மாதங்கள் இருட்டில் இருந்திருக்கிறது. அது எனக்குத் தெளிவாக இரண்டு நொடிகள் போதுமாயிருந்தன.

"இது என்ன அநியாயம்? மூட வேண்டியது அந்தக் கண்ணு. யார் உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?" மருத்துவரின் குரல் உயர்ந்தது.

பாண்டியம்மாள் என்னை ஒரு முறை பார்த்தாள்.

"யாரும் சொல்லித் தரலம்மா. நாந்தேன் மாத்தி ஒட்டிட்டேன்."

"படிக்கலைன்னா பரவாயில்லைம்மா. கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாதா? குழந்தை கண்ணுல விளையாடறீங்களே."

"தப்புத்தேம்மா."

நான் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். பேச முடிந்திருக்கும். வலது இடது என்பதில் அவளுக்குக் குழப்பம் வந்திருக்கலாம் என்று மருத்துவர் என்னைப் பார்த்துச் சொன்னபோது, தலையை அசைத்தேன். அந்தத் தலையசைப்பை எந்த வகையில் சேர்ப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அறியாமை அல்ல அது.

மருத்துவமனைக்கு வெளியே, ஆட்டோ நிற்கும் இடத்தில், அத்தனை பேர் பார்க்க, முருகேசன் தன் அக்காவைப் பேசினார். "தாயில்லாப் பிள்ளைய உன் கையில குடுத்தா இப்படியா? கண்ணவிஞ்சு போனா நீ குடுப்பியா கண்ணு? மாமா எம்புட்டுத் தெளிவாப் படம் போட்டுக் குடுத்தாக." அவள் கௌசல்யாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடி நின்றாள். "தெளிவாத்தேன் போட்டுக் குடுத்தாக" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து வலக்கண் மூடப்பட்டது. நோய் அப்போதுதான் எங்களுக்குத் தன்னைக் காட்டியது. கௌசல்யா நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். சோற்றுத் தட்டைத் தடவினாள். ஒட்டைப் பிய்த்துக் கிணற்றுப் பக்கம் எறிந்தாள். நான் வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய்வரலானேன். போய் என்ன செய்தேன் என்றால், அமர்ந்திருந்தேன். செய்தவள் பாண்டியம்மாள். கிட்டத்தில் வைத்துக் கூர்ந்து பார்க்கும் வேலை எதையாவது கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை இம்முறை அவள் தன் காதாலேயே கேட்டிருந்தாள். துவரம்பருப்பில் கல் பொறுக்க வைத்தாள். பிறகு தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். திராட்சைக் குலையில் நெருக்கமாக இருக்கும் பொடிக்காய்களைக் கத்தரித்து எடுப்பது அங்கே பெண்கள் செய்யும் வேலை. எடுத்தால்தான் மற்றவை பெருக்கும். மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்றைக் கொடுத்து ஒரு குலையை அவளுக்கென ஒதுக்கினாள்.

"ஏ ஆத்தா, பெருசை விட்டுட்டுச் சிறுசை வெட்டு. பெருசை வெட்டினா உங்கப்பன் என்னைய வெட்டுவான்."

"எனக்கு எல்லாம் மங்கலாத் தெரியுது அத்தை."

"எனக்குந்தேன். வயசாச்சுல்ல. ரெண்டு பேரும் மங்கலாவே வெட்டுவோம்."

முதல் வாரம் அந்தக் குலையில் பாதிக்கு மேல் பெருங்காய்கள் போயின. ஆறாம் வாரத்தில் அவள் வெட்டிய குலையை மற்றப் பெண்கள் வெட்டியதிலிருந்து பிரித்தறிய என்னால் முடியவில்லை.

அடுத்த மருத்துவமனை நாளில் பலகையின் மூன்றாம் வரி திரும்பக் கிடைத்தது. திரும்பும்போது கம்பம் பேருந்தில் நானும் அவர்களுடன் ஏறினேன். கௌசல்யா ஜன்னலோரம் உறங்கிவிட்டாள். பாண்டியம்மாளிடம் சொன்னேன்: "அந்தப் படத்தின் குற்றம் என்னுடையது. இன்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடப் போகிறேன்."

"சொல்லாதீக."

"எனக்காக நீ பழி சுமக்க வேண்டியதில்லை."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதைக்குக் குறைவு இல்லை. மரியாதைக்கு மேலும் எதுவும் இல்லை.

"உங்களுக்காகன்னு ஆரு சொன்னா? எந்தம்பி இந்தப் பிள்ளைய ஆசுபத்திரிக்கு விட்டதே, படிச்ச மாமா சொல்றாகன்னுதேன். அந்த மாமாவே மாத்திச் சொல்லிட்டாகன்னு தெரிஞ்சா, நாளைக்கே கண்ணாடியக் கழட்டிட்டுப் பழையபடி தோட்டத்து வாசல்ல நிப்பாட்டிருவான். அங்கன நாள் முழுக்க நிக்கிற பிள்ளைக்கு எங்கிட்டு ஒட்டுறது? என்னையத் தப்புச் சொன்னா என்ன, ரெண்டு வசவு. ஒட்டு நிக்காதுல்ல."

பிறகு, "டாக்டரம்மா இனி ஒட்ட வேணாம்னு சொல்ற அன்னைக்குச் சொல்லிக்கிருங்க" என்றாள்.

அந்த அறையில், மருத்துவரின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் இடையே இருந்த சிறு இடைவெளியில், அவள் இத்தனையையும் எண்ணி முடித்திருந்தாள். அதே இடைவெளியில் நான் என் பெயரைப் பற்றி மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். யோகக் கண் என்று நம்புகிற கூட்டத்தை முப்பதாண்டுகள் ஏளனம் செய்தவன் நான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு குழந்தையின் சிகிச்சையை எதைக் கொண்டு நிறுத்திவைக்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தாளில் வலப்பக்கம் எங்கே வரும் என்பது. அதையும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஒட்டு அதன்பின் பதினேழு மாதங்கள் நீடித்தது. ஆறு மணி நேரம் நான்காகி, இரண்டாகிக் குறைந்தது. சென்ற மாதம் பாண்டியம்மாளுக்குத் தோட்டத்தில் அறுவடை வேலை. குழந்தையை முருகேசன் அழைத்து வந்தார். வலக்கண் கடைசி வரி வரை வாசித்தது. இடக்கண் அதற்கு இரண்டு வரி முன்னால் நின்றது. கண்ணாடி போட்டால் கண்கள் நேராக நிற்கின்றன. இதற்கு மேல் ஏறாது, ஒட்டை நிறுத்திவிடலாம் என்றார் மருத்துவர்.

"தொடக்கத்தில் அந்த மூன்று மாதம் வீணாகாமல் இருந்திருந்தால்?"

"உறுதியாச் சொல்ல முடியாது சார். இன்னும் ஏறியிருக்கலாம்."

"தவறாக வழிகாட்டியவன் நான். அந்தப் படம் நான் வரைந்தது."

"எந்தப் படம் சார்?" என்று கேட்டுக்கொண்டே அவர் அடுத்த நோயாளியின் குறிப்பை எடுத்தார்.

பேருந்து நிலையத்தில் முருகேசனிடம் முழுவதையும் சொன்னேன். தாள், படிக்கட்டு, தொலைபேசி, அந்த அறையில் என் தலையசைப்பு. கௌசல்யா கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். கம்பம் வண்டி வந்து நின்றது.

"அன்னைக்கு அக்காவ ரோட்டுல வச்சுப் பேசினேன் மாமா."

"ஆம். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்."

போய்வருகிறேன் என்று சொல்லாமல் அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். திருமணமான நாள் முதல் ஒரு முறைகூட அவர் அதைச் சொல்லாமல் என்னைப் பிரிந்ததில்லை.

பாண்டியம்மாளிடம் நான் இன்னும் எதுவும் பேசவில்லை. அவளுக்குத் தெரியாத எதுவும் என்னிடம் இல்லை. குழந்தைக்கு ஒட்டுப் போடச் சொல்லி அனுப்பப்பட்டிருப்பவர்கள் இதை வாசித்தால் நினைவில் வையுங்கள்: நன்றாகப் பார்க்கும் கண்ணைத்தான் மூட வேண்டும். வீட்டில் அதைச் செய்யப்போகிறவர் யாரோ, அவரையும் மருத்துவர் அறைக்குள் அழைத்துச் செல்லுங்கள்.